ஒரு லஸ்ட்ரம்

நேற்று சேலம் பேருந்தில் மடியில் விடைத்தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் என்னை டீச்சர் என்று கண்டுகொண்டாள் போல, கைப்பேசியை நீட்டினாள். "ஏனுங்க மேடம், இந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்? நாலுல ஒண்ணத் தொடோணுங்க." திரையில் இருந்த வார்த்தை லஸ்ட்ரம். "அஞ்சு வருசம்" என்றேன். தொட்டாள், பச்சை எரிந்தது. "எப்டிங்க மேடம் யோசிக்காமயே சொன்னீங்க!" என்று வாயைப் பிளந்தாள். யோசிப்பதாவது! முழுசாக அனுபவித்தவளம்மா நான்.

புதுச்சத்திரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில்தான் எனக்கு முதல் வேலை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு சுற்றுச்சுவர், அதற்கு அந்தப்பக்கம் கோழிப்பண்ணை. காற்று திரும்பினால் வகுப்பறை முழுக்க அந்த வாடைதான். வெளியே போகக் கேட் பாஸ், அதுவும் மாதம் ஒருமுறை. கோழிகள் முட்டை போட்டன, நாங்கள் மார்க் போட்டோம், மற்றபடி பெரிய வித்தியாசமில்லை.

வாடை என்றதும் தாளாளர் அறை ஞாபகம் வருகிறது. பழைய பசையும் அந்துருண்டையும் கலந்த வாசனை. அது அவருடைய அகராதியின் வாசனை. இரண்டு கையாலும் தூக்கவேண்டிய தடிமன். செத்துப்போன ஆங்கில வார்த்தைகள் என்றால் மனிதருக்கு உயிர். தினமும் காலையில் ஒன்றைப் பிடித்துப் பலகையில் எழுதுவார், அன்று முழுக்க ஆசிரியர்கள் எல்லோரும் அதைப் பேச்சில் நுழைக்கவேண்டும். ஒருநாள் ஓவர்மாரோ. நாளை மறுநாள் என்று அர்த்தம். "இதுக்கா இத்தன அலப்பறை? நம்ம நாளான்னிக்கு இன்னும் உசுரோடதான் இருக்குதுங்க" என்று தமிழாசிரியை கல்யாணி சொல்ல, சாப்பாட்டுக்கூடமே சிரித்தது.

நான் வேலையில் சேர்ந்த அன்று அவர் நீட்டிய ஒப்பந்தத்தில், பணிக்காலம் ஒரு லஸ்ட்ரம், அதுவரை அசல் சான்றிதழ்கள் பள்ளி வசம் இருக்கும் என்று இருந்தது. "சந்தேகம் இருந்தா கேளுங்க மிஸ்" என்றார். ஆங்கில எம்.ஏ., அதிலும் முதல் வகுப்பு. நான் கேட்பதா? லஸ்டர் என்றால் பளபளப்பு, லஸ்ட்ரம் ஏதோ பளபளப்பான ஒரு கல்வியாண்டாக இருக்கும் என்று நானே முடிவுகட்டி, "பெர்ஃபெக்ட்லி சார்" என்று கையெழுத்துப் போட்டேன். அந்த வாயை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

சேந்தமங்கலத்தில் அப்பா தனியாக இருந்தார். அம்மா போன பிறகு அவரேதான் பொங்கிச் சாப்பிட்டார். "ஒரு வருசந்தாம்ப்பா, வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். இரண்டாம் வருஷம் அரசுப் பள்ளி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க நாமக்கல்லுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். துள்ளிக்கொண்டு தாளாளரிடம் ஓடினேன்.

"லஸ்ட்ரம் முடியலையே மிஸ்." அகராதியை என் பக்கம் திருப்பிவைத்தார். இரண்டு அர்த்தம் போட்டிருந்தது. முதலாவது, பழைய ரோமாபுரியில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஊரையே தூய்மைப்படுத்தும் சடங்கு. இரண்டாவது, ஐந்து வருஷம். அப்படியானால் இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் பாக்கி. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மொத அர்த்தம் தலைமுழுகறது தானுங்க சார். நான் இன்னிக்கே இந்தப் பள்ளிக்கூடத்தத் தலைமுழுகிடறேன், சர்டிபிகேட்டக் குடுத்துருங்க."

மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சபாஷ் மிஸ்! மொத அர்த்தம் உங்களுக்கு, ரெண்டாவது எனக்கு" என்று பீரோவைப் பூட்டினார். மறுநாள் பலகையில் அதுதான் வார்த்தை. சரிபார்ப்பு நாளன்று நான் ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்பாவிடம் சொல்லியிருந்தால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார். ஆனால் "எம் பொண்ணுக்குத் தெரியாத இங்கிலீசா!" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார் அவர். ஒரு வார்த்தை தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்று அவரிடம் எந்த மூஞ்சியோடு சொல்வேன்? பார்வை நேர ஞாயிறுகளில் கொல்லிமலைப் பலாச்சுளையோடு கேட் அருகே வந்து நிற்பார். "எப்ப சாமி ஊட்டுக்கு வர்ற?" "எனக்கு இங்க புடிச்சிருக்குதுப்பா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கறேன்." "செரி கண்ணு. உனக்குப் புடிச்சாச் செரி." பஸ் வரும்வரை வெயிலில் நின்றுவிட்டுப் போவார்.

அந்தப் பள்ளி இப்போது கல்யாண மண்டபம். கோழிப்பண்ணை இருந்த இடத்தில் மனை போட்டுவிட்டார்கள். தாளாளரும் காலமாகிவிட்டார், அகராதி எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போனதோ தெரியாது. அவர்மேல்கூட எனக்கு இப்போது கோபமில்லை.

அப்பா நான்காம் வருஷம் மழைக்காலத்தில் போனார், தூக்கத்திலேயே. காலையில் பக்கத்து வீட்டு அத்தைதான் பார்த்திருக்கிறார். மூன்று நாள் பாஸ் வாங்கிக்கொண்டு போன என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அத்தை சொன்னார்: "எம் புள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடமே ஊடாப் போச்சு, நம்மூடு மறந்துபோச்சுன்னு உங்கப்பா சொல்லிக்கிட்டே கெடந்தாரு கண்ணு."

மறக்கவில்லை அப்பா, அர்த்தம் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.