திரும்பி வருவதற்கான விசா

வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை, அட்டை காலாவதியாவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னராவது கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவர் புதிய அட்டை வரும்வரை சுவிஸில் தங்கியிருக்கலாம். இடையில் நாட்டை விட்டு வெளியே போனால், திரும்பி உள்ளே வர ஒரு விசா வேண்டும். நெருங்கிய உறவினரின் சாவு போன்ற காரணம் இருந்தால் அது வழங்கப்படும். விதி இவ்வளவுதான். நல்ல விதி. இதை எழுதியவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கடிதப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன் கூர் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினேன். அதற்கும் முன் யாழ்ப்பாணத்தில் பட்டதாரியாக இருந்தேன். அந்தப் பட்டம் கோப்பை கழுவ இடைஞ்சலாக இருக்கவில்லை. எந்தப் படிவத்தில் எந்தப் பெட்டியை வெறுமையாக விடலாம் என்று எனக்குத் தெரியும். எங்கள் சனம் அரசாங்கக் கடிதங்களை உறை பிரிக்காமலே என்னிடம் கொண்டுவரும். மேல்மாடியில் இருந்த பிலிப்பைன்ஸ்காரியும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. சுவிஸ்காரக் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என்னை ‘கூயா’ என்பாள். அவர்கள் மொழியில் அண்ணை. நாங்கள் கதைத்துக்கொள்வது ஜெர்மனில். அவளுடைய ஜெர்மனும் என்னுடையதும் வெவ்வேறு பக்கத்தால் நொண்டுபவை. ஆனால் அவள் பேச்சு என் மனதில் எங்கள் ஊர்த் தமிழாகவே பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவளுடைய அனுமதி அட்டையைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பி, உரிய காலத்தில் அனுப்பியிருந்தேன். பழைய அட்டை நவம்பர் தொடக்கத்தில் காலாவதியாகியது. புதியது வரவில்லை. அந்த மாதம் பதினேழாம் திகதி, திங்கட்கிழமை காலை, சலவைச் சீருடையோடு எங்கள் கதவில் நின்றாள்.

“கூயா, அம்மா போயிட்டா.”

என் மனைவி அவளை உள்ளே இழுத்து இருத்தித் தேநீர் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. கோப்பையைக் கைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இப்பவே குடிவரவுக் கந்தோர் ஷால்டருக்குப் போகட்டோ? அந்தக் கண்ணாடிக்கு முன்னால போய் நிண்டு அழுதனெண்டால் விசாவைத் தந்திடுவினம். என்ர முகத்தைப் பார்த்தாலே அவைக்கு விளங்கும்.”

நான் சிரித்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். “அவை முகம் வாசிக்கிறேல்லை, பிள்ளை,” என்றேன். “இணைப்பைத்தான் வாசிப்பினம். முழுசாக் குடுத்தால் ஒருதரும் மறுக்கேலாது. குறையாக் குடுத்தால் திருப்பி அனுப்புவினம். பிறகு முதலில இருந்து.”

“அப்ப எவ்வளவு நாளாகும்?”

“எல்லாம் சரியா இருந்தால் கெதியா வரும்.”

அடுப்படியில் நின்ற மனைவிக்குப் பொறுக்கவில்லை. “செத்தது அவளின்ர அம்மா. உங்களுக்கு இஞ்சை சோதினை ஒண்டும் நடக்கேல்லை. ஒருக்கால் நேரில கூட்டிக்கொண்டு போய்க் கேட்டால் என்ன குறைஞ்சு போவியளோ?”

“உமக்கு ஒண்டும் தெரியாது,” என்றேன். இந்த வசனத்தை நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். சரியாக இருந்த தடவைகள் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

மரணச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, அவள் மகள்தான் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, பழைய அட்டையின் பிரதி, கடவுச்சீட்டின் பிரதி, முதியோர் இல்லத்தின் விடுமுறைக் கடிதம், விமானப் பதிவு, எனக்கு அவள் எழுதித் தரும் அதிகாரப் பத்திரம். ஒன்பது இணைப்புகள். எல்லாம் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புவதென்று தீர்மானித்தேன்.

“அவை காத்திருப்பினம், கூயா,” என்றாள் போகும்போது. நான் அலுவலகத்தைச் சொல்கிறாளென்று நினைத்தேன். அவள் சொன்னது ஊரை.

அவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளை வந்து சேரும்வரை பிணத்தை எடுக்கமாட்டார்கள். பதப்படுத்தி, கண்ணாடி மூடிய பெட்டியில் வீட்டு முன்னறையில் வைத்திருப்பார்கள். ஒரு நிமிடமும் அதைத் தனியே விடுவதில்லை. அயலவர்கள் முறை வைத்து முழித்திருப்பார்கள்; வாசலில் தகரப்பந்தல் போட்டுச் சீட்டு விளையாடுவார்கள், கோப்பி குடிப்பார்கள், பகிடி விடுவார்கள். வீட்டைக் கூட்டமாட்டார்கள். வந்தவர்களை வாசல்வரை போய் வழியனுப்பவும் மாட்டார்கள். இதெல்லாம் நான் அவளுடைய கைபேசியில் பார்த்தும் கேட்டும் அறிந்தவை. அவளுடைய ஊரான அந்தச் சின்னத் தீவில் பாதிப் பேர் மீன்பிடிகாரர், மீதிப்பேர் முச்சக்கரவண்டிக்காரர். எவரிடமும் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் தினமும் யாரோ ஒருவர் மீன் கொண்டுவந்தார், யாரோ ஒருத்தி ஐம்பது பேருக்குச் சோறு வைத்தாள்.

சுவிஸிலும் அது நடந்தது. அங்கே இரவுச் செபம் எட்டு மணிக்கு. எங்களுக்கு மதியம் ஒன்று. நகரத்தில் அவர்கள் ஆறு பெண்கள். ஒருத்தி ஹோட்டல் அறை துப்புரவு, ஒருத்தி பிள்ளை பார்ப்பவள், மற்றவர்கள் முதியோர் இல்லங்கள். மதிய உணவு இடைவேளையில் சீருடையோடு அவளுடைய அறைக்கு ஓடிவருவார்கள். கைபேசியை ரைஸ் குக்கரில் சாய்த்து வைத்து, அதன் முன் முழந்தாளிட்டு, ஊரோடு சேர்ந்து செபமாலை சொல்லிப் பாடுவார்கள். பிறகு ஒருத்தி கொண்டுவந்த நூடில்ஸைப் பங்கிட்டு, நின்றபடியே தின்றுவிட்டு பஸ் பிடிக்க ஓடுவார்கள். மன்னாரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த என் மனைவிக்கு அவர்களின் மொழி தெரியாது. ஆனால் செபமாலையில் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது தெரியும். இரண்டாம் நாளிலிருந்து அவளும் போனாள்.

மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை அமைதி காக்க வேண்டும் என்பது எங்கள் கட்டட விதி. அதைச் சலவை அறைக் கதவில் ஒட்டியவனே நான்தான். நாலாம் நாள், கீழ்மாடிச் சுவிஸ் மூதாட்டி படியேறி வரும் தடியோசை கேட்டு, மன்னிப்புக் கேட்பதற்காக அவளுக்குப் பின்னால் ஓடினேன். மூதாட்டி திறந்திருந்த கதவில் நின்று பாட்டைக் கேட்டாள்.

“யார் இறந்தது?”

“இவளுடைய தாய். அமைதி நேரம் என்று எனக்குத் தெரியும். நான் சொல்கிறேன்...”

“நீங்கள் சும்மா இருங்கள்,” என்றுவிட்டு, சப்பாத்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். செபம் முடியும்வரை எழும்பவில்லை. மறுநாளும் வந்தாள்.

இணைப்புகள் ஏழு சேர்ந்துவிட்டன. மரணச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் சேரவில்லை. ஊர்ப் பதிவாளர் தந்த துண்டை நான் ஏற்கவில்லை. தேசிய முத்திரை பதித்த பிரதிதான் வேண்டும் என்றேன். அதற்காக அவளுடைய தம்பி படகேறி மாகாணத் தலைநகருக்குப் போனான். முதல் நாள் கடல் கொந்தளிப்பு, படகில்லை. இரண்டாம் முறை போனபோது அலுவலகம் பூட்டு. மூன்றாம் முறை கிடைத்தது; ஸ்கேன் செய்து அனுப்பினான், நான் மொழிபெயர்ப்பித்தேன். தாயின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவனை நான் மூன்று தரம் அலைய வைத்திருக்கிறேன். எட்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, எல்லாவற்றையும் இலக்கமிட்டு, பதிவுத் தபாலில் சேர்த்தேன். பற்றுச்சீட்டைப் பார்க்கையில் எனக்குத் திருப்தியாக இருந்தது.

வியாழக்கிழமை செபம் முடிந்து நூடில்ஸ் தின்னும்போது, ஹோட்டலில் வேலை செய்பவள் என் பக்கம் திரும்பினாள்.

“என்ர அப்பா செத்தபோது நான் விடியவே ஷால்டரில போய் நிண்டன். தம்பி அனுப்பின படத்தைப் போனில காட்டினன், பெட்டிக்குள்ள அப்பா. அந்தப் பொம்பிளைக்கும் கண் கலங்கிட்டுது. பின்னேரம் விசா கையில. இவளுக்கு ஏன் இவ்வளவு நாள்?”

அவள் குற்றம் சொல்லவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் பார்க்கவில்லை. அதுதான் கடினமாக இருந்தது.

மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு ஷால்டருக்குப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் மரியாதையாகப் பேசினாள். கணினியைப் பார்த்தாள்.

“எழுத்து மூலமான விண்ணப்பம் வந்திருக்கிறது. ஓர் அதிகாரியிடம் போய்விட்டது. இனி இங்கே நான் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வழியில் நடத்த முடியாதல்லவா?”

“நேரே இங்கே வந்திருந்தால்?”

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். “அது வேறு விஷயம்,” என்றாள். பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, “உங்கள் ஆவணக் கோவை மிகவும் ஒழுங்காக இருக்கிறது,” என்றும் சொன்னாள்.

பிலிப்பைன்ஸ்காரி அழவில்லை. அழுவதற்கு அவள் தயாராக இருந்த நாள் பதினொரு நாள் முன்னதாகப் போய்விட்டது.

அதன்பின் நான் தினமும் தபால்பெட்டியைத் திறந்தேன். அதிகாரப் பத்திரம் என் பெயரில் இருந்ததால் பதில் எனக்குத்தான் வரும். ஊரில் பதப்படுத்துபவர் மூன்றாம் தரம் வந்து பார்த்துவிட்டு, டிசம்பர் ஆறு, சனிக்கிழமைக்கு மேல் தன்னால் முடியாது என்றார். என்ன செய்வதென்று தம்பி கைபேசியில் கேட்டான். அவள் எனக்கு விளங்குவதற்காக ஜெர்மனில் சொன்னாள்: “புதைக்கச் சொல்லிட்டன்.”

சனிக்கிழமை, எங்கள் காலை எட்டு மணி. அவளுடைய அறையில் ஆறு பெண்களும், நாங்கள் இருவரும், கீழ்மாடி மூதாட்டியும். பெட்டியை வீட்டிலிருந்து எடுக்குமுன், அந்த வீட்டுச் சிறு பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிப் பெட்டிக்கு மேலால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கைமாற்றினார்கள். செத்தவர் வந்து அந்தப் பிள்ளைகளைத் தேடாமல் இருப்பதற்காகவாம். கடைசிப் பிள்ளையும் முடிந்தது. பிறகு தம்பி ஏதோ சொல்ல, திரை ஆடியது. கைபேசியைத் தூக்கிப் பெட்டிக்கு மேலால் நீட்டினான். கண்ணாடிக்குக் கீழ் ஒரு முகம் நெருங்கி வந்து விலகியது, தகரக் கூரை, யாரோ ஒருவரின் விரல்கள். மறு பக்கத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அவள் அழுதாள்.

முடிந்ததும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. செத்த வீட்டிலிருந்து நேரே தன் வீட்டுக்குப் போகக்கூடாது, வேறெங்காவது இறங்கிப் போகவேண்டும். இல்லாவிட்டால் சாவு பின்னால் வரும் என்பது அவர்களின் வழக்கம். “நாங்கள் ஒரு மாடி கீழதானே,” என்றேன். விடவில்லை. எல்லோருமாகப் பனியில் நடந்து ரயில் நிலையக் கோப்பிக்கடையில் இருந்தோம். மூதாட்டிக்குச் சூடான சொக்கிலேற் வாங்கிக் கொடுத்தார்கள். செத்த வீட்டுக்காரி என்பதால் பிலிப்பைன்ஸ்காரி வரத் தேவையில்லை. ஆனாலும் வந்து, என் அருகில் இருந்தாள்.

“உங்கட அப்பாவுக்கு ஆர் காத்திருந்தது, கூயா?”

ஒருவரும் காத்திருக்கவில்லை என்றேன். நான் அகதி விண்ணப்பதாரனாக இருந்த காலம். அப்பாவைச் சென்னைக்கு வைத்தியத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். போய்ப் பார்த்துவர அனுமதி கேட்டேன். மருத்துவரின் கடிதம் இணைக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மருத்துவரின் அந்தக் கடிதம் என் கைக்கு வந்து சேர முன் அப்பாவை எரித்துவிட்டார்கள். பிறகு வீடியோ கசற் வந்தது. அதை இரண்டு தரம் பார்த்தேன். அன்றிலிருந்து நான் எழுதிய எந்த விண்ணப்பத்திலும் ஓர் இணைப்பும் குறைந்ததில்லை.

அவள் என் கையைத் தட்டினாள். “அப்ப நீங்கள் என்னை மாதிரி,” என்றாள். திட்டியிருக்கலாம். அவளுக்கு அந்த வழக்கம் இல்லை.

கடிதம் பிறகு வந்தது. சாதாரணத் தபாலில். இறுதிச் சடங்கில் கலந்துகொள்வதற்காகத் திரும்பி வருவதற்கான விசா அங்கீகரிக்கப்படுகிறது. பயண நோக்கம் இல்லாமற்போனால் உடனே அறிவிக்கவும். நோக்கம் இல்லாமற்போயிருந்தது. அறிவிக்க வேண்டிய படிவம் எதுவென்றும் எனக்குத் தெரியும். கடிதத்தை மடித்து, மேல்மாடிக்குப் போய் அவளிடம் கொடுத்தேன். நாற்பதாம் நாள் செபத்துக்குப் போய்வரும்படி சொன்னேன். அவள் அதைத் தாயின் படத்துக்குக் கீழ் வைத்தாள். நான் திரும்பியபோது கதவுவரை வந்து வழியனுப்பினாள். துக்க வீட்டில் அது செய்வதில்லை. துக்க வீடு முடிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

படிவத்தை நான் அனுப்பவில்லை. நாற்பதாம் நாளுக்கு அவள் போய்வந்தாள். சமாதியைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பத்தொன்பது நாள் ஓர் ஊரே முழித்திருந்து அவளுக்காகக் காத்து வைத்திருந்த முகம் அது.

கடிதத்தில் இடப்பட்டிருந்த திகதி டிசம்பர் நான்கு. என் தபால்பெட்டிக்கு அது வந்தது டிசம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை.