இறக்கத்துக்குச் சட்டம் போட்ட மத்தியானம்

எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டனிலிருந்து மாமா அண்ணனுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி அனுப்பினார். உள்ளே விதவிதமான பகடைகளும் ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகமும் இருந்தன. ஆளுக்கொரு வீரனாகிவிட வேண்டும். ஒருவர் மட்டும் கதை சொல்லிக்கொண்டே பகைவர்கள் அத்தனை பேருக்காகவும் ஆடுவார். அந்த ஒருவர் யார் என்பதில் எங்கள் வீட்டில் சந்தேகமே வரவில்லை. பெட்டியும் அண்ணனுடையது, வாயும் அவனுடையது.

இலங்கை மலையகத்தில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா கணக்கு எழுதும் கிளாக்கர். தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸில் எங்கள் சாப்பாட்டு மேசைதான் போர்க்களம். தலையணைகளின் மேல் படுக்கை விரிப்பைப் போட்டால் மலை தயார். சதுரங்கக் காய்கள் வீரர்கள், புளியங்கொட்டைகள் அரக்கர்கள். யார் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அம்மாவின் தையல் டேப்பால் அளப்போம்.

ஆட வந்தவர்கள் அண்ணனின் கூட்டாளிகள் இருவர். ஒருவர் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கரின் மகன். இன்னொருவர் பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, பஸ் ஏறி வருவார். மூன்றாவது வீரனுக்கு ஆளில்லாமல்தான் என்னைச் சேர்த்தார்கள். அதற்கும் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டான்.

“ஒன் ஆளு செத்தா எந்திரிச்சுப் போயிரணும். அப்புறம் இந்த மேசைப் பக்கமே வரக்கூடாது.”

சரி என்றேன். அவர்கள் செத்தால் மட்டும் புது வீரனோடு வரலாமாம். அந்த அநியாயத்தைக் கேட்கக்கூட எனக்கு நேரமில்லை. அந்த மேசையில் உட்கார அவ்வளவு ஆசை.

புத்தகக்காரர்கள் சமதரைக்குத்தான் விதி எழுதியிருந்தார்கள். எங்கள் போர்க்களமோ மேடும் பள்ளமும். அதனால் சிக்கல் வரும்போதெல்லாம் சண்டை போட்டு, பெரும்பான்மைப்படி சட்டம் செய்துகொள்வோம். ஏற்றத்தில் பாதித் தூரம்தான் என்பது பேச்சே இல்லாமல் நிறைவேறியது. எங்கள் ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இறக்கத்தைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

ஒரு மத்தியானம் என் ராணி மலையுச்சியில் மாட்டிக்கொண்டாள். மற்ற இருவரின் வீரர்களும் அடிவாரத்தில், குகை வாசலில். பின்னால் புளியங்கொட்டைப் படை நெருங்கிவிட்டது. முன்னால் பாதையை மறித்துக்கொண்டு ஒரு பெரிய அரக்கன், அதாவது எங்கள் கேரம் ஸ்ட்ரைக்கர்.

“எதிர்ல ஆளு நின்னா அங்கயே நின்னுரணும். பின்னால வர்றவங்க வெட்டுவாங்க. அவ்வளவுதான், எந்திரி” என்றான் அண்ணன். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எறக்கத்துல ஓடி வர்றவ எப்புடிண்ணே நிப்பா?”

“புத்தகத்துல இருக்கு.”

“புத்தகம் எழுதுனவன் நம்ம தோட்டத்துல ஓடிப் பாத்திருக்கானா?”

துணிக்கடைக்காரர் மகன் எழுந்துவிட்டார். “வெளிய போய்ப் பாத்துருவோம் மச்சான். நீ அரக்கன். தங்கச்சி ஓடி வரட்டும்.”

வீட்டுக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஒரு பாதை இறங்கும். காலையில் தூறியிருந்ததால் மண் வழுக்கியது. அண்ணன் பாதி வழியில் காலை அகட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் மேலே ஏறிப் பாவாடையைத் தூக்கிச் செருகினேன். பயமாக இருந்தது. விழுவதைப் பற்றியல்ல, அந்த மேசையை இழப்பதைப் பற்றி.

ஓடினேன். முதல் சில அடிகள்தான் என் இஷ்டத்துக்கு நடந்தன. அதற்குப் பிறகு கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. “தள்ளிப் போண்ணே!” என்று கத்தினேன். கொள்கைப் பிடிப்புள்ளவன், நகரவில்லை. மழைத்தண்ணீர் வடிய வெட்டிய கானுக்குள் இருவரும் போய் விழுந்தோம். அவன் அடியில், நான் மேலே.

“அரக்கன் காலி!” என்று டீமேக்கர் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அண்ணன் சேற்றைத் துப்பினான். “அவளும்தானடா விழுந்தா?”

“மேல விழுந்தவளுக்கு என்ன சேதம்?” என்றார் துணிக்கடைக்காரர் மகன், நீதிபதி போல. “எறக்கத்துல ஓடி வந்தா நிக்க முடியாது. குறுக்க நிக்கிறவன் விழுவான். இனிமே இதுதான் சட்டம்.”

மூன்று கைகள் உயர்ந்தன. அதிலொன்று சேற்றுக் கை, என்னுடையது.

உள்ளே வந்து, அந்தக் கையாலேயே ராணியை எடுத்தேன். ஸ்ட்ரைக்கரைத் தட்டிவிட்டு, மலையிறங்கி, குகை வாசலில் மற்றவர்களோடு கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மாவின் வெள்ளை விரிப்பு பாழாயிற்று. ஆகட்டும் என்றிருந்தது எனக்கு. பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அண்ணன் தலையைத் துவட்டியபடி உட்கார்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கதையைத் தொடங்கினான்.

“குகைக்குள்ள ஒரே இருட்டு. என்னமோ மூச்சு விடுற சத்தம் கேக்குது.”

கூட்டாளிகள் இருவரும் வாயைத் திறப்பதற்குள் அவன் என் பக்கம் திரும்பினான். அதுவரை ஒருநாளும் என்னிடம் முதலில் கேட்டதில்லை.

“சொல்லு, என்ன செய்யப்போற?”

“நான்தான் முன்னால போறேன்” என்றேன்.