நான் நீக்கிய காட்சி

பிள்ளைகள் குடிப்பழக்கத்துக்குப் போகாமல் இருக்க இணையத்தில் ஒரு விளையாட்டுச் செய்யும் வேலையை, ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் அலுவலகம் என்னிடம் தந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. காட்சிகளை எழுதுவது நான். கணினியில் ஏற்றுவது என்னோடு வேலை செய்யும் கிண்ணியா ஊர்ப் பெண். திரையில் ஒருவன் போத்தலை நீட்டுவான், கீழே மூன்று பதில்கள் இருக்கும், சரியானதைத் தொட்டால் புள்ளி. நான் எழுதியவற்றில் போத்தலை நீட்டுகிறவன் எப்போதும் ஒரு கூடாத கூட்டாளிதான். இடம் கடற்கரை, இல்லாவிட்டால் மைதானத்தின் மூலை. ஊரில் வேறு எவருமே பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுப்பதில்லை என்பதுபோல எழுதித் தள்ளினேன்.

பதினாறு வயதான என் மகனிடம்தான் முதலில் விளையாடக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் முழுப் புள்ளியும் எடுத்துவிட்டான். அடுத்த நாள் அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே தேநீரை ஆறவிட்டேன்.

பிறகு அன்புவழிபுரத்துப் பிள்ளைகள் சிலரும் என் மகனும் ஆளுக்கொரு காட்சி எழுதி அனுப்பினார்கள். பெயர் போடத் தேவையில்லை என்று நாங்களே சொல்லியிருந்தோம். அதில் ஒன்றை அந்தப் பெண் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

'வெளிநாட்டிலயிருந்து மாமா வந்திருக்கிறார். பகல் சாப்பாட்டுக்கு முதல் போத்தல் உடைக்கினம். நான் ஐஸும் பொரிச்ச இறாலும் கொண்டுபோறன். மாமா எனக்கும் கொஞ்சம் ஊத்தி, சோதினை முடிஞ்சுது, இனி நீ பெரிய ஆள், பிடி எண்டுறார். நீங்கள் என்ன செய்வீங்கள்? ஒண்டு, குடிப்பன். ரெண்டு, ஏலாது எண்டுவன். மூண்டு, அப்பாவைப் பாப்பன்.'

மூன்றாவதைத் தொட்டால் என்ன வரும் என்றும் எழுதியிருந்தது: 'அப்பா சிரிக்கிறார்.'

அந்த இறாலைப் பொரித்தது என் மனைவி. அந்த மாமா என் மச்சான். அவர் அவ்வளவு தூரம் சுமந்துவந்த போத்தலைத் திறக்காமல் விட்டால் அவருக்குக் குறை, அவர் நீட்டியதைத் தடுத்தால் அதைவிடப் பெரிய குறை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். மகன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் சிரித்தேன். பகிடிக்குத்தானே சிரித்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சேர், வந்ததுல இதுதான் திறம். இதத்தான் முதல்ல போடணும்," என்றாள் அந்தப் பெண்.

"வேண்டாம். தாய் தகப்பன்மார் கோபிப்பினம். எடுத்துவிடுங்கோ," என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்துவிட்டாள். அது யார் வீட்டுக் கதை என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதில் எனக்கு ஆறுதல் வந்ததை நினைக்க இப்போதும் கூசுகிறது.

விளையாட்டு பள்ளிக்கூடங்களுக்குப் போன அன்று பின்னேரம், மகன் அதைத் தன் போனில் திறந்து கடைசிவரை தேடினான்.

"நான் எழுதினதைக் காணேல்லை அப்பா."

"தாய் தகப்பன்மார் கோபிச்சவையாம். அதாலை எடுத்தாச்சு."

"எந்தத் தாய் தகப்பன்?"

ஒருவர்கூடக் கோபிக்கவில்லை. அதை யாருக்கும் காட்டவே இல்லையே. அவன் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனைக் கதிரையில் வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னான்.

"அண்டைக்குப் பிறகு கூட்டாளியளோட ரெண்டு தரம் குடிச்சனான். மாமா ஊத்தித் தந்ததை எழுதினாலாவது என்னட்டை ஏதும் கேப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

கேட்க எவ்வளவோ இருந்தது. அப்போதும் என் வாயில் முதலில் வந்தது, "அம்மாவுக்குத் தெரியுமோ?" என்பதுதான்.