பேய்க்கணவாய்க்கு வைத்த கண்

கனகேஸ்வரி படம் வரைவது மொண்டெல்லோவிலிருந்து திரும்பும் பஸ்ஸில். அங்கே 'சிஞ்ஞோரா' என்று அவள் கூப்பிடும் ஒரு வெள்ளைக்கார எசமானியின் வீட்டைத் துடைத்து, சமைத்து வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்ததும் பேனாவை எடுப்பாள். கடதாசியில் ஒரேயொரு வளைவுதான் போடுவாள். அதைப் போனில் படமெடுத்து, திருப்பி, கவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நிறம் மாற்றுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. வளைவு சரிவராவிட்டால் நாள்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டுவாள்.

படத்தை இணையத்தில் போட்டு, அதற்குக் கீழே விளையாட்டாக ஒரு கதையும் எழுதுவாள். கடைசியாகப் போட்டது நீலமும் ஊதாவுமாகச் சுழலும் எட்டு வளைவுகள். மொண்டெல்லோக் கடலில் ஒரு பேய்க்கணவாய் எட்டுக் கையாலும் எட்டு வீட்டில் வேலை செய்ததாம். ஒன்பதாவது சிஞ்ஞோரா, காலாலும் துடைக்கலாமே என்றாளாம். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டுக் கடலுக்கடியில் போய்ப் படுத்துவிட்டதாம்.

நவராத்திரி முதல் நாள் கோயிலுக்குப் போனாள். வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின் சந்தில் வாடகைக்கு எடுத்த மண்டபம். கும்பத்துக்குப் பின்னால், ஆளுயரப் பிளாஸ்டிக் பதாகையில் அச்சாகி, அவளுடைய பேய்க்கணவாய் தொங்கியது. நடுவில் இரண்டு கண், ஒரு பொட்டு. மூலையில் இருந்த அவள் பெயரைக் காணவில்லை. சனம் கைகூப்பி நின்றது.

நிர்வாகத் தலைவர் கோபாலசிங்கத்தைப் பிடித்தாள்.

"கோபாலண்ணை, உது ஆற்ரை படம்?"

"எட்டுக்கை அம்மன், தங்கச்சி. எங்கடை கோயில் பெடியன் ஜெனிஸ்டன் போனிலை பாத்து எடுத்தவன். என்ன லட்சணம், பாருங்கோ."

"அது நான் கீறின பேய்க்கணவாய்."

"கோயிலுக்கை நிண்டு பேய் எண்டு சொல்லாதையுங்கோ."

"கீழை கதை கிடந்ததே, வாசிக்கேல்லையோ?"

"ஆர் இப்ப கதை வாசிக்கினம்? முகமில்லாமல் கிடந்தது. நாங்கள்தான் கண் வைச்சு வடிவாக்கினனாங்கள்."

முகமில்லாமல் என்றதுதான் அவளுக்குச் சுட்டது. முகம் வேண்டாமென்று விட்டவளே அவள்தான். வேலைக்கு வருகிறவளின் முகத்தை எந்தச் சிஞ்ஞோரா பார்க்கிறாள்? கையைத்தான் பார்ப்பாள்.

"வேலையை விட்டிட்டுப் போனதைப் பிடிச்சுக் கொண்டந்து, இஞ்சை நிண்டு வரம் குடு எண்டு விட்டிருக்கிறியள்."

பக்கத்தில் நின்ற கேசிகாவும் வீட்டு வேலைக்குப் போகிறவள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பத்தாம் நாள் கழட்டித் தாறன், தங்கச்சி. சனம் கும்பிடத் தொடங்கீட்டுது."

"கும்பம் இருக்குத்தானே. அதைக் கும்பிடட்டும்."

கதிரையை இழுத்துப்போட்டு ஏறினாள். "அம்மனை இறக்கிறாள்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. படத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு சந்துக்கு வந்து, நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரின்மேல் விரித்தாள். பேனாவால் கண்களைக் கிறுக்கி மறைக்கப் பார்த்தாள். பிளாஸ்டிக்கில் மை பிடிக்கவில்லை. நகத்தால் சுரண்டினாள். கண்கள் அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கேசிகா பின்னாலேயே வந்து நின்றாள்.

"பூக்கட்டிற இடத்திலை கத்தரிக்கோல் இருக்கும். எடுத்துக்கொண்டு வா."

"அவை கேட்டால் என்ன சொல்ல?"

"கண் வெட்ட எண்டு சொல்லு."

கேசிகா உள்ளே போனாள்.