குங்குமம் வைத்த டிஸ்க்

அந்த டிஸ்க்குக்குக் குங்குமம் வைத்தது நானேதான். வேறு யார் மேலாவது பழி போட வழி இருந்திருந்தால் எப்போதோ போட்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் ஆராய்ச்சி மாணவி நான். கொள்ளேகால் பக்கத்தில் நாற்பது கிணறுகளின் தண்ணீர்மட்டத்தை இரண்டு வருஷம் மாதாமாதம் போய் அளந்தேன். டாக்டர் பட்டமும் அதற்குப் பிறகு ஒரு வேலையும் அந்த அளவுகளை நம்பித்தான் இருந்தன.

ஒரே கைடிடம் ஆராய்ச்சி செய்த கன்னடத்துப் பெண் ஒருத்தி, சில நாள் கூடவே வந்து டேப்பின் மறுமுனையைப் பிடிப்பாள். ஒருநாள் பஸ்ஸில், "ஒந்து காபி நன் ஹத்ர இரலி" என்றாள். ஒரு பிரதி தன்னிடம் இருக்கட்டுமாம். எனக்குச் சுருக்கென்றது. என் அளவுகளை வைத்து முந்திக்கொண்டு கட்டுரை எழுதிவிடுவாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அளவுகளைப் பூட்டினேன். கம்ப்யூட்டருக்கு வெளியே வயரில் தொங்கும் டிரைவ், அதற்குள் கேசட் மாதிரி தள்ளிவிடும் டிஸ்க். எல்லா அளவும் அதில் மட்டும்தான், கம்ப்யூட்டரில்கூட ஒன்றும் விட்டுவைக்கவில்லை. பாஸ்வேர்டு போட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் யாருக்கும் புரியாதபடி குழப்பிவைக்கும் புரோகிராம் ஒன்றும் கிடைத்தது.

அதோடு விட்டேனா? டைப் அடித்து முடித்த நோட்டுகள் ஒவ்வொன்றாக எங்கள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. நன்றாக எரிகிறதென்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

ஆயுத பூஜை வந்தது. "நாளைக்கு உனக்குச் சோறு போடப்போறது அதுதானே, அதுக்கும் ஒரு பொட்டு வை" என்றாள் அம்மா. கம்ப்யூட்டருக்கு வைத்தேன். டிரைவுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன், அதில்தானே என் உயிர் இருந்தது. டிஸ்க் செருகும் வாய்க்கு நேர்மேலே வைத்த குங்குமம் காய்ந்து உள்ளே உதிர்ந்ததை நான் கவனிக்கவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. விஜயதசமி முடிந்து டிஸ்க்கைச் செருகியபோது, டிரைவ் டக் டக் என்று அடித்துக்கொண்டதே தவிர ஒரு எழுத்தைக்கூடக் காட்டவில்லை.

மண்டி மொஹல்லாவில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் முட்டிக்கொள்ளும் ஒரு சந்தில், மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் கொள்ளேகால் தமிழர். டிஸ்க்கின் மூடியை நகர்த்திப் பார்த்தார். உள்ளே சிவப்புத் தூள்.

"என்னுங்க்கா, பூசை போட்டீங்களா?"

தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மானிட்டரிலும் பொட்டு இருந்தது. ஆனால் அது கண்ணாடிக்கு வெளியே இருந்தது.

ஆறு நாள் வேறொரு டிரைவில் போட்டு, துண்டு துண்டாகப் படித்து, புது டிஸ்க்குக்கு மாற்றினார். ஏழாம் நாள் பாஸ்வேர்டைப் போட்டேன். திறக்கவில்லை. தப்பாக அடித்திருப்பேன் என்று மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லை.

"பாஸ்வேர்டு சரிதானுங்க்கா," என்றார். "ஆனா அதை வெச்சுத் தொறக்கற சாவி டிஸ்க்கோட ஆரம்பத்துல எழுதியிருக்கும். குங்குமம் தேச்சது அந்த எடத்தத்தான். மத்ததெல்லாம் வந்துருச்சு. தொறக்கத்தான் முடியாது." பிறகு, "ஆருகிட்டயாச்சும் ஒரு காபி குடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஒருத்தி கேட்டா. நான் குடுக்கல."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, டிஸ்க்கை உறையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

மறுநாள் அந்தக் கன்னடத்துப் பெண்ணிடம் சொன்னேன், பூட்டியதை மட்டும் விட்டுவிட்டு. கொஞ்சமாவது சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவளோ பையைக் குடைந்து பழைய டைரி ஒன்றை எடுத்தாள். என்னோடு வந்த நாட்களில் நான் உரக்கச் சொன்ன அளவுகளைப் பென்சிலில் குறித்துவைத்திருந்தாள், நான் எதையாவது குறிக்காமல் விட்டுவிட்டால் உதவட்டும் என்று. பதினொரு கிணறுகள்.

கைடு மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடி கொள்ளேகால் பஸ் ஏறினேன். கிணறுகள் அப்படியே இருந்தன. போன கோடையில் அவற்றில் தண்ணீர் எங்கே நின்றது என்பதை எந்த டேப்பாலும் இனி அளக்க முடியாது. என் இரண்டு வருஷத்தில் மிஞ்சியது, திருடிவிடுவாள் என்று நான் பயந்தவளின் கையெழுத்தில் இருந்த அந்தப் பதினொன்றுதான்.