வாசலைத் தாண்டாத அருவான்

பிள்ளைகளே, தான் ஆசையாகக் கொண்டு வந்த மீனை நான் மண்ணில் புதைத்த கதையை உங்கள் தாய்மாமன் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். புதைத்தது உண்மை. ஏன் என்பதை அவர் சொல்வதில்லை. அதை நான் எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறுகளில் தோட்ட வேலையை விட்டுக் குருபோங் தொழிற்பேட்டைப் பக்கம் குடி வந்தோம். உங்களில் மூத்தவளை வயிற்றை அறுத்துத்தான் எடுத்தார்கள். அம்மாவுக்குத் தையல் ஆறவில்லை. அறுத்த புண் ஆற அருவான் மீன், அதாவது விரால், குழம்பு வைத்துக் கொடுப்பது இந்த நாட்டில் எல்லா இனத்தாருக்கும் வழக்கம். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு.

பெம்பான் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த மாமா, கையில் வாளியோடு வாசலில் நின்றார். உள்ளே இரண்டு பெரிய அருவான்.

"தூண்டிலே போடல மச்சான்! உங்க வீட்டுப் பின்னால ஆத்துல மயங்கின மாதிரி கிடந்துச்சு. கையாலயே அள்ளிட்டேன்லா!"

நான் வேலை செய்த தொழிற்சாலையில் இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசுவார்கள். கழுவிய தண்ணீர் பின்பக்கக் கால்வாயில் பச்சை நிறமாக ஓடி அந்த ஆற்றில்தான் விழும்.

"மச்சான், இது வேணாம். அந்தத் தண்ணி சரியில்ல."

"நல்லாக் கொதிக்க வச்சா எல்லாம் செத்துடும்."

"கிருமிதான் சாகும். பேக்டரி மருந்து சாகாது. குழம்புலயேதான் கிடக்கும்."

"மீனே உயிரோட இருக்கு. உங்களுக்கு என்ன பயம்?"

அருவான் வேறு மீன் சாகிற தண்ணீரிலும் பிழைக்கும். தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்கிக்கொள்ளும். அது உயிரோடிருப்பதால் தண்ணீர் நல்லது என்றாகாது; தண்ணீரில் உள்ளதெல்லாம் அதன் சதையில் ஏறியிருக்கும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது.

"சரி, பசார்ல வாங்கிக் கொடுப்பீங்க. அந்த மீனு எந்த ஆத்துல பிடிச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஆனால் அது தெரியாது என்பதற்காக, தெரிந்த விஷத்தை வீட்டுக்குள் விட முடியுமா? கதவின் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு அம்மா வயிற்றைப் பிடித்தபடி வந்தாள். "என்னங்க, அண்ணன் மனசு நோகுது. ஒரு வாய் சாப்பிட்டுடறேனே."

"நீ சாப்பிட்டா உன்னோட நிக்காது. பிள்ளை குடிக்கிற பாலுக்கும் போகும். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்கல்ல, நீ திங்கிறதுதான் பிள்ளைக்குன்னு?"

அவள் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மாமாவிடம் சொன்னாள்: "அண்ணே, நீ ஆசையா கொண்டாந்த. ஆனா பால் குடிக்கிறது நான் இல்ல. எடுத்துட்டுப் போ."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்; திரும்ப எடுக்கவில்லை. பூனை இழுத்துப் போகக்கூடாதே என்று வீட்டோரம் அவற்றைப் புதைக்க ஆழமாகத் தோண்டினேன்.

"மீனுக்குக் குழி வெட்டுற ஆள இப்பதான் பாக்குறேன். பாலும் ஊத்திடுங்க மச்சான்!" என்று சொல்லிவிட்டு மோட்டாரை உதைத்துக் கிளம்பினார்.

எனக்கு வெட்கமில்லை. அடுத்த நாளே மேற்பார்வையாளரிடம் போய் அந்தப் பச்சை நிறத் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "உன் வேலையப் பாரு" என்றார். மறுபடியும் கேட்டேன். என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே போயும் கேட்டேன்.

உங்கள் அம்மாவுக்கு நாட்டுக்கோழியும் பூண்டும் சமைத்துக் கொடுத்தேன். புண் ஆறியது. குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில், வரமாட்டேன் என்று சொல்லியிருந்த மாமா வந்து நின்றார். கக்கத்தில் ஒரு சேவல்.

"இது எந்தத் தண்ணி குடிச்சுச்சுன்னு கேப்பீங்களே?"

"கேப்பேன் மச்சான்" என்றேன்.

"எங்க தோட்டத்துப் பைப்புத் தண்ணி" என்றார். முறைத்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னார்.

நான் கதவை அகலத் திறந்தேன்.