பக்கத்துப் புஞ்சையின் ஈரம்

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டி தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில், வடக்கேயிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானாகவே இங்கிலீஷ் படித்தேன். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் ‘கேஷ் இன் ஆன்’. அமைந்த தோதை விடாமல் பிடித்து ஆதாயம் பார்ப்பது என்று பொருள். மழை வந்ததும் குடைக்கடைக்காரர் அதை வைத்துச் சம்பாதித்தார் என்று உதாரணம் போட்டிருந்தது. எங்கள் பக்கம் மழை பெய்தால் குடையை மடக்கிவிட்டு நனைகிற ஆட்கள்தான் அதிகம். இருந்தாலும் அந்தச் சொல் பிடித்துப்போய், டீக்கடையிலும் பஸ்ஸிலும் எதற்கெடுத்தாலும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஐப்பசியில் பசுவந்தனைப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனபோது நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரிசல் மண் காலில் ஒட்டாத பதம் வந்ததும் விதைத்துவிட வேண்டும். நாலு நாள் வெயிலடித்தால் மேல் ஈரம் போய்விடும். முந்தின வருஷம் மழையில்லாமல் தெருவே உழவு மாடுகளை விற்றிருந்தது. அத்தானிடம் மட்டும் ஒரு ஜோடி மிஞ்சியிருந்தது. தன் விதைப்பை முடித்துவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் உழுது கொடுத்தார். கேட்காதவர் பக்கத்துப் புஞ்சைக்காரர் ஒருவர்தான். வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. விதை உளுந்துப் பெட்டியோடு மனுஷர் தன் புஞ்சையில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? கேஷ் இன் ஆன் செய்ய இதைவிட நல்ல நேரம் வராது, அவராக வந்து வரப்பை விட்டுத்தருகிறேன் என்று சொல்லட்டும், அதன் பிறகு மாட்டைப் பூட்டலாம் என்று பொருளும் பிரயோகமுமாக அத்தானுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நல்ல வார்த்தைதான் மாப்ளே. அவன் வந்து கேக்குற வரைக்கும் நான் நிப்பேன். ஈரம் நிக்குமா?”

சொல்லிவிட்டு மாட்டைத் திருப்பி அந்தப் புஞ்சைக்குள் ஏரை இறக்கினார். பக்கத்துப் புஞ்சைக்காரரும் பெட்டியோடு எழுந்து, பின்னாலேயே உழுத சாலில் விதை போட்டுக்கொண்டு வந்தார். மத்தியானம் வரை முன்னும் பின்னுமாக நடந்தார்கள். ஒரு வார்த்தை கிடையாது.

கடைசிச் சால் முடிந்ததும் புஞ்சைக்காரர் தன் கம்மங்கஞ்சித் தூக்கை வரப்பில் கொண்டுவந்து வைத்தார். மாட்டின் முகத்தைப் பார்த்து, “ஏலே மயிலை, ஒங்க மொதலாளி வெறும் வயித்தோட நிக்காரு. குடிக்கச் சொல்லுலே” என்றார்.

அத்தான் இரண்டு மடக்குக் குடித்தார். அவரும் மாட்டைப் பார்த்துத்தான் பேசினார்.

“உப்பு பத்தலைன்னு சொல்லு மயிலை.”

பக்கத்துப் புஞ்சைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, துண்டு முடிச்சில் உப்பைத் தேடினார்.